தேய்ந்த பிரேக் பேடு என்ன சொல்கிறது?

புதுக் கார் வாங்கி ஓராண்டு ஆகவில்லை. அதற்குள் முன்சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம். சர்வீஸ் சென்டரில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பேடு தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், செலவு உங்களுடையது என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில்: “பிரேக் பேடு தேய்மானப் பொருள் சார், வாரண்டியில் வராது.” பலர் அங்கேயே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கேட்டு வாங்க வேண்டுமானால், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் 1,200 கிலோ எடையுள்ள காரிடம் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. மிதித்து நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி வெப்பமாக மாறி பிரேக்கில் இறங்குகிறது. குழாயில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் கிட்டத்தட்ட இவ்வளவு ஆற்றல்தான் வேண்டும். அடுப்பில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பிரேக்குக்கு நான்கைந்து நொடி போதும். வேகம் இரட்டித்தால் இந்த ஆற்றல் நான்கு மடங்காகும். நிற்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். அதனால் முன் பேடுகள் பின் பேடுகளைவிட முந்தித் தேய்வது இயல்பு.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டுதான் டிஸ்க். அதை இருபுறமும் அழுத்தி உரசி நிறுத்துபவை பேடுகள். இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1953இல் லு மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கூடு காலிப்பர். சாதாரணக் கார்களில் காலிப்பரின் உள்பக்கத்தில் மட்டும்தான் பிஸ்டன் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்கள்மீது வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் மறுபுறத்திலிருந்து இழுத்து ஒட்டவைக்கும். ஒரே பிஸ்டன் இரண்டு பேடுகளையும் சமமாக அழுத்துவது இப்படித்தான்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது எது? அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி, சதுர வெட்டு முகம் கொண்ட ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் சற்றே முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னிழுக்கும். அந்த மயிரிழை இடைவெளி கிடைத்தால்தான் பேடு டிஸ்க்கை உரசாமல் இருக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் இந்த வளையத்தினூடே நழுவி, தானாகவே முன்னேறிக்கொள்கிறது. சில ரூபாய் மதிப்புள்ள ஒரு ரப்பர் துண்டு இத்தனை வேலையையும் சத்தமில்லாமல் செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். பின்களில் கிரீஸ் காய்ந்தோ துரு ஏறியோ இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. உள்பக்கப் பேடு தனியாக உழைத்துத் தேயும், வெளிப்பக்கப் பேடு புதிது போலவே இருக்கும். இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகினால் பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு வடிவில் தேயும். பிஸ்டனே மாட்டிக்கொண்டால் கால் எடுத்த பிறகும் பேடு உரசிக்கொண்டே வரும். பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் நைந்து அடைத்துக்கொண்டாலும் அழுத்தம் திரும்பாது. அந்த ஒரு சக்கரத்தில் இரண்டு பேடுகளும் கரையும். தவறுதலாக மினரல் ஆயில் கலந்துவிட்டால் ரப்பர் சீல்கள் உப்பிப்போகும். அது சர்வீஸ் செய்தவரின் பிழை, வண்டி ஓட்டியவரின் பிழை இல்லை.

ஆகவே தேய்ந்த பேடைப் பார்த்தால் பல செய்திகள் தெரியும். இடது வலது, உள்பக்கம் வெளிப்பக்கம் என நான்கு முன் பேடுகளையும் வரிசையாக வைத்துத் தடிமனை அளந்து பாருங்கள். புதுப் பேடில் உராய்வுப் பொருள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றச் சொல்வார்கள். மூன்று பேடுகள் 7, 8 என்று நிற்க, ஒன்று மட்டும் 1 மில்லிமீட்டரில் இருந்தால் ஓட்டிய விதத்தைக் குறை சொல்ல முடியாது. ஓட்டுநரின் கால் மிதிப்பது ஒரே பெடலைத்தான். ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க அவரால் இயலாது.

நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் கதை வேறு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதையே எடுத்துக்கொள்வோம். உயர வேறுபாடு சுமார் 1,900 மீட்டர். மேற்சொன்ன 1,200 கிலோ கார் இதில் இழக்கும் ஆற்றல் இரண்டேகால் கோடி ஜூலை நெருங்கும். 80 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 75 முறை நிறுத்துவதற்குச் சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்கின் தலையில் விழும். அப்படி ஓட்டியிருந்தால் நிறுவனத்தின் மறுப்பை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். எல்லா வழக்கிலும் வாடிக்கையாளர் பக்கமே நியாயம் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது வாரண்டி ஏட்டுக்கு வருவோம். பேடு, கிளட்ச் தட்டு, வைப்பர் ரப்பர் போன்றவை இயல்பாகத் தேய்ந்தால் பொறுப்பில்லை என்று அதில் பொதுவாக எழுதியிருப்பார்கள். மூலப்பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருந்தால் பொறுப்பு உண்டு என்றும் அதே ஏட்டில் இருக்கும். காலிப்பர், பின், ஹோஸ் ஆகியவை வழக்கமாக இந்த இரண்டாம் வகையில் வருபவை. எனவே “பேடை வாரண்டியில் மாற்றித் தாருங்கள்” என்று கேட்பது வலுவற்ற கோரிக்கை. “இந்தச் சக்கரத்தில் மட்டும் பேடு ஏன் கரைந்தது? காலிப்பரைச் சோதித்து எழுதித் தாருங்கள்” என்பதே கேட்க வேண்டிய கேள்வி. காலிப்பரில் குறை என்று ஆனபின், அதனால் கெட்ட பேடையும் டிஸ்க்கையும் சேர்த்தே கேட்கலாம்.

சோதனையும் பெரிய காரியம் இல்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இறுகி நிற்கிறது என்றால் காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேவிடும் பிளீடர் திருகை மெக்கானிக் சற்றுத் தளர்த்துவார். உடனே சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் எங்கோ சிக்கியிருக்கிறது. அப்போதும் இறுக்கம் போகவில்லை என்றால் பிஸ்டனிலோ பின்னிலோதான் கோளாறு. ஆதாரத்துக்காக அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம். உரசும் பிரேக்கின் சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. டாட் 4 தரப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம்.

எழுத்தில் கேட்டும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கார் எங்கே வாங்கியது என்பது தடையாகாது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. பொருளைச் சோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், தகுதியான ஆய்வகத்துக்கு அதை அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு முதலில் புகார் கொடுப்பவருடையது. பேடைக் கழற்றும்போது உடன் நில்லுங்கள், நான்கின் தடிமனையும் கிலோமீட்டர் கணக்கையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள், படம் எடுங்கள், கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி, எது எந்தச் சக்கரம், எந்தப் பக்கம் என்று குறித்து வீட்டில் வையுங்கள். குப்பைக்குப் போன பேடை எந்த ஆணையத்தாலும் அளக்க முடியாது.