குப்பை மேட்டில் ஒரு சிநேகிதி

62 வயதில் ஆசிரியப் பணியை விட்டு கெய்ரோவின் குப்பைக்காரர் குடியிருப்பில் குடியேறினார் ஒரு கன்னியாஸ்திரீ. 22 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கிளம்பியபோது அங்கே மிஞ்சியது என்ன?

விடிவதற்கு வெகு நேரம் முன்பே கழுதை வண்டிகள் கிளம்பிவிடும். வண்டியை ஓட்டுவது அப்பா. பின்னால் தூக்கக் கலக்கத்தோடு ஒன்றிரண்டு பிள்ளைகள். கெய்ரோவின் அடுக்குமாடி வீடுகளுக்கு முன்னால் வண்டி நிற்கும். அப்பா முதுகில் பெரிய கூடையுடன் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உள்ள குப்பையைக் கொட்டிக்கொண்டு இறங்குவார். கீழே பிள்ளைகள் வண்டிக்குக் காவல். வண்டி நிரம்பியதும் நகரத்தின் விளிம்பில் உள்ள குடியிருப்புக்குத் திரும்புவார்கள். அங்கே வீட்டு முற்றத்திலேயே அத்தனையும் கொட்டப்படும். அம்மாவும் பெண் பிள்ளைகளும் வெறுங்கையால் பிரிக்க ஆரம்பிப்பார்கள். காகிதம் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், கண்ணாடி, துணி, எலும்பு என்று தனித்தனிக் குவியல்கள். மிச்சம் மீதிச் சாப்பாடு பன்றிகளுக்கு.

இவர்களுக்கு ஸப்பாலீன் என்று பெயர். அரபு மொழியில் குப்பைக்காரர்கள் என்று அர்த்தம். 1940களில் தெற்கு எகிப்தின் அஸ்யூத் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த விவசாயக் கூலிகளின் வாரிசுகள். பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். இவர்களுக்கு முன்பே பாலைவனச் சோலைகளிலிருந்து வந்து குடியேறிய வாஹியாக்கள் என்ற முஸ்லிம் பிரிவினர், கட்டடங்களின் குப்பையை அள்ளும் உரிமையைக் கையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர்களிடம் மாதக் கட்டணம் வாங்குவது வாஹியா. குப்பையைச் சுமப்பது ஸப்பால். சுமப்பவருக்குக் கிடைத்த வருமானமெல்லாம் குப்பையிலிருந்து பொறுக்கி விற்றதும், அதைத் தின்று வளர்ந்த பன்றியை விற்றதும்தான். பல ஆண்டுகளாக ஒரு மாநகரத்தின் சுத்தம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது. அரசாங்கம் இதற்குக் காசு செலவழிக்கவில்லை. இவர்களை அடிக்கடி இடம் மாற்றி விரட்டியதைத் தவிர வேறு எதுவும் செய்யவும் இல்லை.

1971-ல் கெய்ரோவின் வடகிழக்கு ஓரத்தில் இருந்த எஸ்பெத் எல் நக்ல் என்ற இப்படிப்பட்ட குடியிருப்புக்கு ஒரு வயதான ஐரோப்பியப் பெண் வந்து சேர்ந்தார். சாம்பல் நிற உடை, தலையில் முக்காடு, பெரிய மூக்குக் கண்ணாடி. குடியிருப்பில் தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, கழிப்பிடம் கிடையாது. பள்ளிக்கூடமும் டாக்டரும் கிடையாது. வந்தவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் அங்கேயே ஒரு குடிசையில் தங்கிவிட்டார். அக்கம்பக்கத்தில் பன்றிகள், இரவில் எலிகள்.

அவர்தான் சிஸ்டர் எம்மானுவேல். இயற்பெயர் மடலேன் சேங்கன். 1908-ல் பிரஸ்ஸல்ஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஆறு வயதில் கடற்கரைக்கு அழைத்துப்போன அப்பா, கண்ணெதிரே கடலில் மூழ்கி இறந்தார். இருபது வயதைத் தாண்டியதும் நோத்ர் தாம் த சியோன் சபையில் சேர்ந்து கன்னியாஸ்திரீ ஆனார். பிறகு இஸ்தான்புல், துனிஸ், அலெக்சாண்ட்ரியா நகரங்களில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆசிரியை வேலை. மாணவிகளில் நிறையப் பேர் பணக்கார வீட்டுப் பெண்கள். ஏழைகளோடு வாழ வேண்டும் என்று சிறு வயதில் எடுத்த முடிவு பாடப் புத்தகங்களுக்கு நடுவே தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவருக்கு அனுமதி கிடைத்தது. முதலில் தொழுநோயாளிகளோடு தங்கத்தான் ஆசைப்பட்டார். தொழுநோயாளிகள் இருந்த பகுதி ராணுவக் கட்டுப்பாட்டில் இருந்ததால் வெளிநாட்டவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அப்போதுதான் ஸப்பாலீன் பற்றிக் கேள்விப்பட்டார். நகரத்தில் யாரும் எட்டிப் பார்க்காத இடம், போலீஸ்கூட நுழையத் தயங்கும் இடம் என்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

மிஷனரி என்றதும் நம் மனதில் தோன்றும் படம் ஒன்று உண்டு: கையில் வேதப் புத்தகம், மதமாற்றப் பட்டியல், நன்கொடை மூட்டை. எம்மானுவேல் வந்த இடத்தில் இவை எதற்கும் வேலை இருக்கவில்லை. ஸப்பாலீன் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஆனால் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் சபையினர். கத்தோலிக்கரான எம்மானுவேல் அவர்களைத் தன் சபைக்கு இழுக்க முயலவில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களையும் தன் குடும்பங்களாகவே நடத்தினார். அங்கே அவர் முதலில் செய்த வேலை, வீடு வீடாகப் போய் உட்கார்ந்ததுதான். குப்பை பிரிக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொடுத்த டீயை மறுக்காமல் குடித்தார். அரைகுறை அரபியில் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தங்கள் கையால் கொடுத்ததை வெளியாள் வாங்கிச் சாப்பிடுவது, நாற்றத்துக்காக நகரமே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் மனிதர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல.

நட்பு வளர வளர கஷ்டங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆண்கள் குடித்தார்கள், குடித்தால் கத்தி எடுத்தார்கள். பெண்களுக்கு வயதுக்கு வந்த கையோடு கல்யாணம். பிறகு வருடத்துக்கொரு பிள்ளை. அதில் பாதியைப் புதைக்க வேண்டிய நிலை. பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் வில்லாக விறைத்துச் செத்தன. பிரசவம் நடப்பது குப்பைக்கும் பன்றிச் சாணத்துக்கும் நடுவில். தொப்புள் கொடி அறுப்பது கைக்குக் கிடைத்த ஆயுதத்தால். காரணம் டெட்டனஸ். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடக் கூடிய சாவு அது. ஆனால் ஊசியைக் கண்டு பயந்த பெண்களிடம் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க, அவர்கள் நம்பும் ஆள் வேண்டும். டீ குடித்துச் சம்பாதித்த நம்பிக்கை அப்போது கைகொடுத்தது.

குடிசையையே பாலர் பள்ளியாக்கினார். காலையில் சின்னப் பிள்ளைகள். சாயங்காலம் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள். இடையில் பெண்களுக்குத் தையல். புண்ணுக்கு மருந்து, கைக்குழந்தைக்குத் தடுப்பூசி. ஒவ்வொன்றும் அங்கிருந்தவர்கள் கேட்டதையொட்டி வந்தது. ஆனால் ஒரு குடிசையில் எவ்வளவுதான் செய்ய முடியும்? மருத்துவமனை வேண்டும் என்றால் பணம் வேண்டும். பிச்சை எடுக்க அவர் வெட்கப்படவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். மேடைகளிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். பிரான்ஸ் முழுவதும் அவர் முகம் பிரபலமானது. எதிரே இருப்பவர் மந்திரியானாலும் ஒருமையில்தான் அழைப்பார். பேச்சுக்குப் பேச்சு அவர் சொல்லும் 'யல்லா' (கிளம்புவோம்) என்ற அரபுச் சொல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. அந்தப் பணத்தில் எஸ்பெத் எல் நக்லில் 1980-ல் சலாம் மையம் எழுந்தது. மருத்துவ வசதி, பாலர் பள்ளி, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். அதே ஆண்டு பிரான்ஸில் அவர் தொடங்கிய அமைப்புக்கு வைத்த பெயர் 'சிஸ்டர் எம்மானுவேலின் நண்பர்கள்'.

அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய நண்பர் எகிப்தியர்தான். சிஸ்டர் சாரா, காப்டிக் ஆர்த்தடாக்ஸ் சபையின் இளம் கன்னியாஸ்திரீ. 1970களின் மத்தியில் அவர் எம்மானுவேலோடு வந்து தங்கினார். ரோம் சபையும் காப்டிக் சபையும் 15 நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரிந்தவை. அந்தச் சபைகளைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒரே குடிசையில் சேர்ந்து ஜெபித்தது அதுவரை கேள்விப்படாத சங்கதி. 1980களின் தொடக்கத்தில் இருவரும் மொகத்தம் குன்றின் அடிவாரத்துக்கு நகர்ந்தார்கள். 1970-ல் விரட்டப்பட்ட ஸப்பாலீன் போய்ச் சேர்ந்த இடம் அது. இருப்பதிலேயே பெரிய குடியிருப்பும் அதுதான்.

மொகத்தமில் பன்றிச் சாணம் மலையாகக் குவிந்து நோயைப் பரப்பிக்கொண்டிருந்தது. அதை எருவாக்கும் ஆலை அங்கே நிறுவப்பட்டது. எருவை விவசாயிகளுக்கு விற்ற காசு குடியிருப்பின் தேவைகளுக்கே திரும்பியது. 1984-ல் உருவான எகிப்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இதை நடத்தியது. கந்தல் துணியில் விரிப்பு நெய்யவும், பழைய காகிதத்திலிருந்து புதுக் காகிதம் செய்யவும் அது பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தறியில் உட்கார்ந்த பெண் கூடவே எழுத்தும் கணக்கும் கற்றாள். குப்பையைத் தொடாமல் சம்பாதிக்க வழி கிடைத்த பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொடுக்க அப்பாக்கள் கொஞ்சம் யோசித்தார்கள்.

பிரச்சினைகளும் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் உண்டு. இத்தனை பேர் குப்பையில் கிடக்க அரசாங்கத்தைக் கேள்வி கேட்காமல் தர்மம் செய்வது சரியா என்ற கேள்வியும் நியாயமானதே. எம்மானுவேலின் சொந்தச் சபையிலும் புருவங்கள் உயர்ந்தன. பத்துப் பிள்ளை பெற்றுப் பாதியைப் பறிகொடுக்கும் சிறு வயதுத் தாய்களைப் பார்த்தவர் அவர். கருத்தடை மாத்திரையைக் கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்திருந்தபோதும் அவர் அதை வெளிப்படையாக ஆதரித்தார். போப்பாண்டவருக்கே அது பற்றிக் கடிதம் எழுதினார். சட்டத்தைப் படித்தவருக்கும் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

1991-ல் எகிப்து அவருக்குக் குடியுரிமை அளித்தது. 1993-ல், 84 வயதில், சபையின் உத்தரவுப்படி பிரான்ஸுக்குத் திரும்பினார். விருப்பத்தோடு எடுத்த முடிவல்ல; கீழ்ப்படிதல். ஆனால் அவருடைய வேலைக்கு உண்மையான பரீட்சை அதுதான். தனி மனிதரின் பிரபலத்தில் நடந்த பல காரியங்கள் அவர் போனதும் படுத்துவிடுவது உலக வழக்கம். இங்கே பொறுப்பு சிஸ்டர் சாராவிடமும் அவரது சபையிடமும் போனது. உள்ளூர்ப் பெண்கள் ஆசிரியைகளானார்கள். எம்மானுவேல் 2008 அக்டோபர் 20 அன்று, நூறாவது பிறந்த நாளுக்கு ஒரு மாதமே இருந்தபோது, தென் பிரான்ஸில் தூக்கத்திலேயே காலமானார்.

நல்ல வேளை, அடுத்து நடந்ததில் பாதியை அவர் பார்க்கவில்லை. 2003-ல் கெய்ரோ நிர்வாகம் குப்பை அள்ளும் வேலையை ஸ்பெயின், இத்தாலி கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் விட்டது. தெருமுனையில் தொட்டி வைத்தார்கள். வாசலுக்கு வந்து எடுப்பதற்குப் பழகிய மக்கள் தொட்டிக்கு நடக்கத் தயாராக இல்லை. ஸப்பாலீன் கொண்டு வரும் குப்பையில் 80 சதவீதம் வரை மறுபயன்பாட்டுக்குப் போவதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. கம்பெனிகளால் அதை நெருங்க முடியவில்லை. 2009-ல் உலகெங்கும் பன்றிக் காய்ச்சல் பீதி. அப்போது எகிப்தில் ஒருவருக்குக்கூட அந்த நோய் இல்லை. பன்றியைக் கொல்வதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனாலும் சுமார் 3 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. ஸப்பாலீன் வருமானத்தில் பெரும் பகுதி ஒரே அடியில் போனது. சாப்பாட்டுக் கழிவைத் தின்ன பன்றி இல்லாததால் அதை எடுப்பதை நிறுத்தினார்கள். கெய்ரோவின் தெருக்கள் நாற ஆரம்பித்தன. இவர்கள் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஆனால் 1971-ல் விரட்டினால் ஓட மட்டுமே தெரிந்த கூட்டம் இப்போது இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை வந்திருந்தது. சங்கம் வைத்தார்கள்; தங்கள் தொழிலை அங்கீகரிக்கும்படி கேட்டார்கள். மறுசுழற்சித் தொழிலைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் மொகத்தமில் நடந்தது. அந்தப் பையன்கள் மூவரின் கதையை 2009-ல் வெளியான 'கார்பேஜ் ட்ரீம்ஸ்' ஆவணப்படம் உலகுக்குச் சொன்னது. மொகத்தம் சங்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய லைலா இஸ்கந்தர், 2013-ல் எகிப்தின் சுற்றுச்சூழல் மந்திரியானார்.

இதற்கெல்லாம் ஒரு கன்னியாஸ்திரீதான் காரணம் என்று சொன்னால் அது ஸப்பாலீனுக்குச் செய்யும் அநியாயம். உழைத்தது அவர்கள்; குப்பையைக் காசாக்கும் வித்தையும் அவர்களுடையது. வண்டிகள் மாறிவிட்டன, கழுதைகளின் இடத்தைப் பெரும்பாலும் சிறு லாரிகள் பிடித்துக்கொண்டன. ஆனால் குப்பை இன்னும் வீட்டுக்குத்தான் வருகிறது. உடைந்த கண்ணாடியும் ஆஸ்பத்திரி ஊசியும் பெண்களின் விரல்களை இன்னும் கிழிக்கின்றன. வறுமை போய்விடவில்லை.

எம்மானுவேல் செய்தது ஒரு சின்ன விஷயம். ஊரே ஒதுக்கிய வீட்டுக்குள் போய், கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்தார். அடுத்த நாளும் போனார். 22 வருடங்கள் போனார்.