வெளிச்சம் முதலில், லென்ஸ் பிறகு

ஜாதவ்பூரிலிருந்து தெற்கே கரியாவைத் தாண்டினால் போரால். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) பெரும்பாலும் இங்கேதான் படமானது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. ழான் ரெனுவாரின் ‘தி ரிவர்’ படப்பிடிப்பை வேடிக்கை பார்த்து, விளக்குகள் வைத்த விதத்தை வரைந்துகொண்டதுதான் அவரது படிப்பு. ‘அபராஜிதோ’வில் (1956) செட்டுக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். ஸ்டூடியோவில் காசி வீட்டு முற்றம் பிறந்தது.

புதிதாக கேமரா பிடிப்பவர்களுக்கான கணக்கு சுலபம். முகத்துக்கு 85 எம்.எம்., எஃப் 2. தெருவுக்கு 35 எம்.எம்., எஃப் 8. கிரிக்கெட்டுக்கு 200 எம்.எம்., ஷட்டர் 1/1000 விநாடி.

அடுத்த லென்ஸுக்குப் பணம் சேர்க்குமுன் ஜன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் பாருங்கள். முகத்தின் நிழல் பக்கம் தெளியும். செலவில்லை.