கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஆனாலும் சேதி உண்டு! கிண்டி வளாகத்தின் குட்டி ரேடியோ

கொலைச் செய்தி கிடையாது. கொள்ளைச் செய்தி கிடையாது. கட்சித் தகராறா? மூச்சு விடக் கூடாது!

இப்படி ஒரு கட்டுப்பாட்டைப் போட்டு, "போய் ஊர்க் கதையைச் சொல்லு" என்றால் எந்த நிருபரும் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுவார்.

ஆனால் சென்னை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து அந்த வேலை நடந்து வந்திருக்கிறது. அதுதான் "அண்ணா எப்.எம்." அலைவரிசை 90.4.

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி இருக்கும் அதே வளாகம். அங்கே 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி இந்த ரேடியோவைத் தொடங்கி வைத்தார். இந்தியாவின் முதல் சமுதாய வானொலி இதுதான்.

குண்டு பல்பின் சக்தி

இந்த மாதிரி ரேடியோக்களுக்கு அரசு அனுமதித்துள்ள வீச்சு சக்தி சாதாரணமாக 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றுக்கும் அதே கணக்குத்தான்! ஏரியல் கம்பம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

ஒலி எட்டுவது சுமார் 10 கிலோ மீட்டர். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அடையாறு என்று சுற்று வட்டாரம்தான் அதன் உலகம்.

1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, "காற்றலைகள் பொதுச்சொத்து" என்று தீர்ப்பு சொன்னது. அதன் பிறகும் ஏழு வருடம் ஓடிற்று. 2002 டிசம்பரில்தான் கல்வி நிலையங்கள் ரேடியோ நடத்த மத்திய அரசு வழி விட்டது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது.

நுங்கம்பாக்கம் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரி, லயோலா கல்லூரி ஆகியவையும் இந்தக் களத்தில் இறங்கின.

குழாயடியில் பிறக்கும் கதை

சரி, கல்லூரி ரேடியோவில் ஒரு கதை எப்படிப் பிறக்கிறது?

குளிர்சாதன அறையில் அல்ல. குழாயடியில்!

நிகழ்ச்சியில் பாதிக்குப் பாதியாவது உள்ளூர் ஜனங்கள் பங்கு பெற்று உருவாக வேண்டும் என்பது விதி. எனவே மாணவனோ மாணவியோ ரெக்கார்டரைத் தூக்கிக் கொண்டு தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "எந்தக் கட்சி தம்பி நீங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். அடுத்தது, "ரேஷன் கார்டு விஷயமா வந்தீங்களா?"

மைக்கை நீட்டினால் காரியம் கெட்டது. இரண்டு மூன்று தடவை சும்மா போய்ப் பேச வேண்டும். அதற்குப் பிறகு பாருங்கள், ஒரு அம்மா பிள்ளைக்குச் சோகை என்பார். இன்னொருவர், "தண்ணி லாரி எப்போ வரும்னே தெரியலப்பா" என்பார். கதை வந்து விட்டது!

அதைக் கேட்டுக் கொண்டு டாக்டரிடமோ, பேராசிரியரிடமோ ஓட வேண்டும். அவர் "இரும்புச் சத்துக் குறைபாடு" என்று பாடம் போல விளக்குவார். அப்படியே ஒலிபரப்பினால் கேட்கிறவர் பெட்டியை மூடி விடுவார். "முருங்கைக் கீரை, கேழ்வரகு சேர்த்துக் கொடும்மா. டாக்டர் தர்ற மாத்திரையை நிறுத்தாதே" என்று பக்கத்து வீட்டு அக்காவே சொன்னால் காது கொடுப்பார்.

பாடம் சொல்பவர் நிபுணர். பேசுபவர் அக்கா. இந்த இரண்டையும் ஒட்டுவதுதான் கல்லூரிக் குழுவின் வேலை.

குரல் காட்டிக் கொடுக்கும்

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது.

ஒரு பெண், "என் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிக்கிறாரு" என்று மனம் விட்டுச் சொல்லி விடுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். நல்ல நிகழ்ச்சி. கேட்பவர் கண் கலங்கும்.

ஆனால் பத்து கிலோ மீட்டர் ரேடியோவில் பெயரை மறைத்து என்ன பயன்? தெரு முழுக்க அவள் குரல் தெரியும்! கேட்பவர்களில் அவளுடைய கணவனும் இருப்பான். அன்று இரவு அவளுக்கு என்ன நடக்கும்?

அதனால்தான் நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் ஒலிபரப்புவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் போட்டுக் காட்டி, "போடலாமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. "வேணாம்மா" என்றால் வேண்டாம்தான். அதே கதையை வேறு குரலில் நாடகமாகப் போடலாம். நல்ல நிகழ்ச்சி ஒன்று கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை. ஒரு பெண்ணின் முதுகு தப்பியது!

ஒலிபரப்பான நிகழ்ச்சியை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று யாராவது கிளம்பினால், போட்டுக் கேட்டு விடலாம்.

முதலைப் புரளி

சொந்தமாகச் செய்தி வாசிக்கத்தான் தடை. மழை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், தேர்வு முடிவு, வேலை வாய்ப்பு, நோய் எச்சரிக்கை இவற்றைச் சொல்லத் தடை இல்லை. ஏழை வீட்டுக்கு இதை விடப் பெரிய செய்தி எது?

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நினைத்துப் பாருங்கள். அடையாறு பொங்கியது. கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் தத்தளித்தன. கரண்ட் போயிற்று. செல்போன் கோபுரங்கள் ஊமையாயின.

அந்த மழை நாட்களில் புரளிக்கு மட்டும் குறைவில்லை. "முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி விட்டன" என்று ஒரு வதந்தி! பண்ணைக்காரர்களே மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

பாட்டரி போட்ட சின்ன ரேடியோ, கரண்ட் இல்லாத வீட்டிலும் பேசும். ஆனால் அதில் பேசுகிறவர் விசாரிக்காமல் ஒரு வார்த்தை விட்டால் அதுவும் முதலைக் கதைதான். "லாரி நாலு மணிக்கு வருது" என்று சொல்லி வராமல் போனால், அன்றைக்குக் குடத்தோடு காத்திருந்தவர் மறுநாள் ரேடியோவைத் திருப்புவாரா?

பணத்துக்கு எங்கே போவது?

2024 பிப்ரவரியில் இதே அண்ணா பல்கலைக்கழகத்தில் தென்மாநில சமுதாய வானொலிகளின் மாநாடு நடந்தது. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்தில் இருந்து 12 நிமிடமாக உயர்த்தப்பட்டது. 10 விநாடி விளம்பரத்துக்கு 74 ரூபாய் கட்டணம்.

12 நிமிடமும் அந்தக் கட்டணத்தில் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். நிரம்பினால்தானே! விளம்பரக்காரர்கள் பெரிய எப்.எம். பக்கம்தான் ஓடுகிறார்கள். இங்கே மாணவர் உழைப்பும் கல்லூரியின் ஆதரவும்தான் பெரிய முதல்.

மாணவர்கள் படிப்பு முடிந்து பறந்து விடுவார்கள். புது மாணவர் வருவார். குழாயடியில் மறுபடியும் அதே கேள்வி எழும்: "எந்தக் கட்சி தம்பி நீங்க?"

பதில் சொல்வதற்குள் பின்னால் இருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தால் போதும். "கட்சி இல்லடி, நம்ம ரேடியோ!"

அந்த "நம்ம" என்ற ஒரு சொல்தான் கல்லூரிக் குழுவின் சம்பாத்தியம். 100 வாட்டில் அது கிடைத்தால் லாபம்தானே?