திருவாதிரையும் தேயிலையும் ஒரு காஷ்மீர்க் குருவியும்

மார்கழி விடுமுறை விட்டதும் பதுளை ரயில் நிரம்பி வழியும். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் குளிர் பார்க்க வருவார்கள். துன்ஹிந்த அருவி, தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம், தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் இருக்கை என்று ஒரு சுற்று. பிள்ளைகள் கேட்டால் ஒஹிய வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கும் ஒரு நாள். இதே வாரங்களில் இதே மலைகளில் இன்னொரு கூட்டமும் இருக்கும். அது டிக்கெட் எடுக்காமல் அக்டோபரிலேயே வந்து இறங்கிவிட்ட கூட்டம்.

லயத்துக்குப் பின்னால் மாட்டுக்கொட்டில் இருந்தால் காலை ஏழு மணிக்கு அங்கே போய்ச் சத்தமில்லாமல் நில்லுங்கள். சாணக் குவியலின் ஓரத்தில் ஒரு சிறு பறவை நடந்துகொண்டிருக்கும். முதுகு பழுப்புப் பச்சை, நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டி. ஓரடி வைக்கும், புழு ஒன்றைக் கொத்தும், வாலை இடமும் வலமுமாக அசைக்கும். வாலோடு சேர்ந்து பின்னுடம்பும் ஆடும். இதுதான் கொடிக்கால் வாலாட்டி. தேயிலை மலையின் கான்களில் நடக்கும் மஞ்சள் வயிற்றுச் சாம்பல் வாலாட்டி வாலை மேலும் கீழுமாகத்தான் ஆட்டும். வாலாட்டிக் குடும்பத்தில் பக்கவாட்டில் ஆட்டுவது கொடிக்கால் வாலாட்டி ஒன்றுதான். மரத்தில் கூடு கட்டுவதும் அதுதான். ஆனால் கூடு இங்கே இல்லை. சீனா, கொரியா, சைபீரியாவின் அமூர் ஆற்றுப் பக்கக் காடுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, நம் சாணக் குவியலுக்கு வந்திருக்கிறது.

வேலியோரப் புதரில் கரகரத்த குரலில் சண்டைக்காரன் போலக் கத்துவது பழுப்புக் கீச்சான். அதுவும் சைபீரியா, மங்கோலியா பக்கத்து ஆள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு சீட்டிகளாகக் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி, இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் பிறந்தது. அக்டோபர் இரவொன்றில் வீட்டுக்குள்ளோ குளியலறைக்குள்ளோ அது வந்து விழுந்து கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. இரவுப் பயணி அது. களைத்த வேளையில் விளக்கு வெளிச்சம் அதைத் திசைமாற்றி இழுத்துவிடுகிறது.

எல்லாரிலும் அரியது காஷ்மீர் ஈப்பிடிப்பான். 13 சென்டிமீட்டர் நீளம். ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள். அதைச் சுற்றிக் கறுப்புக் கரை. காஷ்மீரையும் அதையொட்டிய வடமேற்கு இமயக் காடுகளையும் தவிர வேறெங்கும் அது கூடு கட்டுவதில்லை. பனிக்காலத்தைக் கழிப்பது இலங்கையின் மலைநாட்டிலும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்கவே வெளிநாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துக் காட்டோரங்களும் தோட்டத்துப் பங்களாக்களின் பூந்தோட்டங்களும் அதற்குப் பிடித்த இடந்தான். ஸ்ரீநகருக்கும் ஹப்புத்தளைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். எண்ணிக்கை குறைந்து போன பறவை என்பதால், அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது.

குளிருக்குப் பயந்து ஓடி வருகின்றன என்பது பாதி உண்மைதான். இறகுப் போர்வை போர்த்த பறவை, வயிறு நிறைந்திருந்தால் குளிரைப் பெரிதும் தாங்கும். காஷ்மீரில் பனி விழும்போது இல்லாமல் போவது இரைதான். பறந்து திரியும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குருவிக்கு அங்கே ஒரு வாய் உணவு கிடைக்காது. நம் ஊவாவிலோ அப்போதுதான் மழை. மேற்குச் சரிவுகளை நனைக்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த கச்சான் காற்றுதான் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தரும் மணம் அந்தக் காய்ந்த மாதங்களில் ஏறுவது. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவத்தோடு மழையும் மூடுபனியும். புல் தழைக்கும், பூச்சி பெருகும், அட்டையும் கூடவே பெருகும். சுற்றுலா வந்த குடும்பம் மழையைத் திட்டுகிற அதே மாதம், ஈப்பிடிப்பானுக்குப் பந்தி விரித்த மாதம்.

அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே, ஏன் திரும்பிப் போகவேண்டும்? விடை பகலின் நீளத்தில் இருக்கிறது. பதுளை நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் 50 நிமிடம் அளவே. ஸ்ரீநகரில் அந்த வித்தியாசம் நாலரை மணி நேரம். ஜூனில் அங்கே பகல் பதினாலு மணி நேரத்தைத் தாண்டும். பனி உருகியதும் காடு முழுக்கப் பூச்சி. கூட்டில் வாய் பிளந்து கிடக்கும் குஞ்சுகளுக்கு இரை தேட அந்தக் கூடுதல் வெளிச்சம் பெரிய வரவு. இங்கே ஆண்டு முழுக்கக் குடியிருக்கும் பறவைகளோடு இரைக்குப் போட்டி போட்டுக் குஞ்சு வளர்ப்பதைவிட, 3,000 கிலோமீட்டர் பறந்து போவதே அதற்கு இலாபம்.

இங்கே ஒரு புதிர் முளைக்கிறது. பகல் நீளம் அவ்வளவாக மாறாத ஊரில் உட்கார்ந்திருக்கும் குருவிக்கு, காஷ்மீரில் பனி உருகப் போகிறது என்று யார் சொல்வது? ஜெர்மனியின் எபர்ஹார்ட் குவின்னர் இதைச் சோதித்துப் பார்த்தார். வலசை போகும் சிறு பறவைகளைக் கூண்டில் வைத்து, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாறாத நாட்களில் ஆண்டுக்கணக்காக வளர்த்தார். வெளியே என்ன பருவம் என்று அவற்றுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனாலும் காலம் வந்ததும் இறகு உதிர்த்தன, கொழுப்பு ஏற்றின, இரவில் கூண்டுக்குள் சிறகடித்துத் தவித்தன. அந்தச் சுழற்சி சரியாக 12 மாதமாக இல்லாமல், பத்து மாதத்தை ஒட்டிச் சற்று வேகமாக ஓடியது. அதனால்தான் அது வெளியிலிருந்து வரவில்லை, உடம்புக்குள்ளேயே ஓடும் ஆண்டுக் கடிகாரம் என்று உறுதியானது. இயற்கையில் நீண்டு குறுகும் பகல் அந்தக் கடிகாரத்தை அவ்வப்போது திருத்தி வைக்கிறது.

எப்போது என்பது தெரிந்தாயிற்று. எந்தப் பக்கம் என்பது? இரவில் பறக்கும் சிறு குருவிகள் நட்சத்திரம் பார்க்கின்றன. அமெரிக்காவின் ஸ்டீபன் எம்லென் 1970 இல் வெளியிட்ட சோதனை இதில் பெயர் பெற்றது. கருநீலக் குருவியொன்றின் குஞ்சுகளை வானத்தையே காட்டாமல் வளர்த்தார். பிறகு கோளரங்கத்துக்குக் கொண்டுபோய்ச் செயற்கை வானத்தைக் காட்டினார். உண்மையான வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுகிறது; சில குஞ்சுகளுக்கு அவர் காட்டிய வானமோ திருவாதிரை நட்சத்திரத்தைச் சுற்றியது. இலையுதிர் காலம் வந்ததும் அந்தக் குஞ்சுகள் திருவாதிரையை வடக்கு என்று வைத்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் பறக்க முனைந்தன. வானில் அசையாத புள்ளி எதுவோ அதுதான் வடக்கு என்பதைக் முதல் வலசைக்கு முன்பே பார்த்துப் படிக்கின்றன என்பது இதிலிருந்து தெரிந்தது. மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டும் வீட்டார் முற்றத்தில் இறங்கிக் கிழக்கே பார்த்தால், எம்லென் குஞ்சுகளை ஏமாற்றப் பயன்படுத்திய அதே சிவந்த நட்சத்திரம் அங்கே நிற்கும்.

மேகம் மூடினால் பூமியின் காந்தப்புலம் உதவுகிறது. அதைப் பறவை உணரும் இடம் கண் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் நீல ஒளி பட்டதும் காந்தப்புலத்துக்கு இசைந்து மாறுவதை, ஐரோப்பிய ராபின் பறவையின் புரதத்தைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் 2021 இல் காட்டினார்கள். உயிருள்ள பறவை அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

இப்படித் தெற்கே வரும் வழியில் கடைசி நிலம் இலங்கை. தெய்வேந்திர முனையைத் தாண்டினால் அண்டார்ட்டிகா வரை கடல்தான். ஆகவே வந்தவை இங்கே நிற்கின்றன.

குளிரைத் தூரத்தால் தாண்டுவது ஒரு வழி. வெதுவெதுப்பான மூலையைத் தேடி ஒதுங்குவது இன்னொரு வழி. அமெரிக்காவில் குளிர்கால விடுமுறைக்குப் பேர்போன புளோரிடாவில், நம் மன்னார்க் கடலின் ஆவுளியாவுக்கு உறவான கடற்பசுக்கள் டிசம்பரில் ஊற்றுகளுக்குள் கூட்டமாக ஒதுங்கும். கடல்நீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அவற்றால் தாங்க முடியாது. ஊற்று நீர் ஆண்டு முழுக்க 22 பாகையில் நிற்கிறது. ஒதுங்க இடம் தெரியாதவை அங்குள்ள பச்சை இகுவானாக்கள். வெப்பநாடுகளிலிருந்து மனிதர் கொண்டுபோய் விட்ட பெரிய பல்லிகள் அவை. குளிர் கூடிய இரவுகளில் விறைத்து மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழும். வெயில் ஏறினால் பல எழுந்து நடக்கும்.

நம் நாட்டில் குளிர்காலம் நாட்காட்டியில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. வெல்லவாயாவில் பஸ் ஏறி, கொஸ்லாந்தை, பெரகலை வழியாக ஹப்புத்தளையில் இறங்கினால் ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏறியிருப்பீர்கள். நூறு மீட்டருக்கு முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக வெப்பம் இறங்கும். ஒன்றரை மணிப் பயணத்தில் எட்டுப் பாகை போய்விடும். 2,100 மீட்டருக்கு மேலே கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல் உறைபனியால் வெளுத்திருக்கும்.

அங்கே இகுவானாவின் தூரத்து உறவு ஒன்று ஆண்டு முழுக்க வாழ்கிறது. பாசி பிடித்த கிளையில் பாசியோடு பாசியாக ஒட்டியிருக்கும் விரல் நீள ஓணான் அது. வாலால் கிளையைச் சுற்றிப் பிடிக்கும், அசைவு மிக மெதுவு. இலங்கையைத் தவிர வேறு நாட்டில் இல்லை. மற்ற ஓணான்கள் மண்ணில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். இதுவோ குட்டி போடும். ஈரமான குளிர்ந்த மண்ணில் முட்டை வளர்வது கடினம். முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டால், தாய் வெயில் விழும் கிளைக்கு நகரும்போதெல்லாம் கருவும் சேர்ந்து சூடேறும். திபெத்திய மேட்டுநிலத்துப் பல்லிகளிலும் வட ஐரோப்பியப் பல்லியிலும் இதே முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. எங்கே குளிர் நிரந்தரமோ, அங்கே பரிணாமம் இந்த வழியை மறுபடி மறுபடி எடுத்திருக்கிறது.

போவோரும் இருப்போரும் என்ற இந்தக் கணக்கு மலையக மனிதருக்கும் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் பருவத் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869 இல் ஊவாவின் மடூல்சீமையில் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி ஓய்ந்து தேயிலை வந்தது. தேயிலைச் செடிக்குப் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் கீழே போய்ச் சில வாரங்கள் நீடித்தால் உறக்கம் வந்துவிடும். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் அதனால்தான் குளிர்காலத்தில் கொழுந்து நின்றுபோகிறது. பதுளையில் மிகக் குறுகிய பகலே ஏறக்குறைய பதினொன்றே முக்கால் மணி நேரம். ஆகவே இங்கே செடி தூங்குவதில்லை, கொழுந்துக்கு ஓய்வில்லை, கூடைக்கும் ஓய்வில்லை. ஆண்டு முழுக்க ஆள் வேண்டும் என்றானபோது குடும்பத்தோடு லயத்தில் தங்கிவிட்டார்கள். ஈப்பிடிப்பானை ஆறு மாதம் இங்கே வாழவைப்பதும், நம் பாட்டன் பாட்டியைத் திரும்பிப் போகவிடாமல் செய்ததில் ஒரு பங்கும், குளிர்காலமே இல்லாத இந்த வானத்துக்குரியவை.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு வேண்டுகோள். ஹோர்ட்டன் சமவெளி வாகனத் தரிப்பிடத்தில் மனிதருக்குப் பழகிப்போன மரைகள் நெருங்கி வரும். பாணும் பிஸ்கட்டும் நீட்டாதீர்கள். புல்லை மெதுவாக நொதிக்கவைத்துச் செரிக்கும் வயிறு அது. மாவுப்பண்டம் அதைக் கெடுக்கும். இரவுப் பயணிகள் வந்திறங்கும் அக்டோபரில், இங்கேயே இருப்பவர்களும் தேவையில்லாத வெளிவிளக்குகளை அணைத்துவிடுங்கள். எல்லப் பக்கம் பெருகிவரும் விடுதிகள் இதைச் செய்தால் பெரிய உதவி.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வலசைப் பறவைகளில் பல, ஆண்டுதோறும் அதே தோட்டத்துக்கு, அதே வேலிக்குத் திரும்பி வருபவை. உங்கள் வீட்டுக் கீச்சானோ வாலாட்டியோ முதலில் கண்ணில் பட்ட நாளையும், கடைசியாகக் கண்ட நாளையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் கள பறவையியல் குழு போன்ற அமைப்புகளுக்கு இத்தகைய குறிப்புகள் பயன்படும். காலநிலை மாறும்போது பறவைகளின் வருகையும் புறப்பாடும் நகர்கின்றனவா என்பதை ஒரு நாள் பார்த்துச் சொல்ல முடியாது. பசறையிலோ லுணுகலையிலோ ஒரே முற்றத்தில் பத்தாண்டு எழுதிய இரண்டு தேதிகள் சொல்லிவிடும்.