ஓடைக்கல்லில் ஒட்டியிருக்கும் அளவுகோல்

ஓடைக்குள் கிடக்கும் கல்லைத் தொட்டால் வழுக்கும். அந்த வழவழப்பில் கணிசமான பங்கு டயட்டம் எனப்படும் ஒற்றைச் செல் பாசிகளுடையது. மணலில் உள்ள அதே சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் இவை வாழ்கின்றன. குங்குமச் சிமிழும் மூடியும் போல ஓட்டின் இரு பாதிகளும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தியிருக்கும். ஓட்டின் வரிகளும் புள்ளிகளும் இனத்துக்கு இனம் வேறுபடும். பாசி செத்த பிறகும் ஓடு எளிதில் அழியாது.

குப்பியில் பிடித்த நீரைச் சோதித்தால் அந்த நேரத்து நிலைதான் தெரியும். நள்ளிரவில் யாரோ திறந்துவிட்ட கழிவு காலைக்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும் டயட்டங்களோ கடந்த சில வாரங்களில் வந்த எல்லாவற்றையும் அனுபவித்தவை. நீர் மாறினால் தாங்காத இனங்கள் குறையும், தாங்குபவை பெருகும். நிட்ஷியா பேலியா போன்ற இனங்கள் சாக்கடை நீரிலும் செழிக்கும்.

அமெரிக்காவில் ஓடையின் உயிர்களைக் கொண்டு நீரை மதிப்பிடுவதை முறைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் ரூத் பேட்ரிக் (1907–2013). பிலடெல்பியாவின் இயற்கை அறிவியல் அகாதமியைச் சேர்ந்த அவர், 1948இல் பென்சில்வேனியாவின் கோனஸ்டோகா ஆற்றுப் படுகையை ஆராய்ந்தார். ஏதோ ஓர் இனம் இருக்கிறதா என்று மட்டும் தேடாமல், பாசி, பூச்சி, மீன் என்று ஆற்றின் மொத்த உயிர்க்கூட்டத்தையும் கணக்கிலெடுத்தார். நல்ல ஓடையில் இனங்கள் பல, பெரும்பாலானவற்றின் எண்ணிக்கை குறைவு; கெட்ட ஓடையில் இனங்கள் சில, அவற்றின் எண்ணிக்கை ஏராளம். ஓடையின் நலத்தை மதிப்பெண்ணாக்கும் இன்றைய குறியீடுகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான். கண்ணாடித் தகடுகளை நீரில் மிதக்கவிட்டு டயட்டங்களைப் படியவைக்கும் டயட்டோமீட்டர் என்ற கருவியும் அவர் உருவாக்கியதே.

அதே அகாதமியின் ஆய்வாளர்கள் பின்னர் டெலவேர் ஆற்றின் மறுகரையிலுள்ள நியூ ஜெர்சிக்கென்று தனிக் குறியீடுகளை வகுத்தனர். அங்கே பெரிய தலைவலி பாஸ்பரஸ். உரமும் கழிவுநீர் நிலையங்களும் அதன் முக்கிய வாயில்கள். ஓடைகளில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்பது மாநில வரம்பு. டயட்டம் இனங்களின் விகிதத்தைக் கொண்டே நீரின் பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் மதிப்பிடும் கணிப்பு முறை 2007இல் வெளியானது. கடலோரச் சமவெளி ஓடைகளில் சுரண்டி எடுக்கக் கல் ஏது, மணல்தான். அங்கே தகடுகளை நீரில் வைத்து மாதிரி எடுத்தார்கள்.

ஆய்வகத்தில் மாதிரியை அமிலத்தில் வேகவைத்து உயிர்ப்பொருளை நீக்குவார்கள். எஞ்சும் ஓடுகளை ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, ஒரு மாதிரிக்கு அறுநூறு ஓட்டுப் பாதிகள் வரை எண்ணுவது வழக்கம். கண் எரியும் வேலை. ஒரே இனத்துக்கு இரு ஆய்வகங்கள் இரு பெயர் சூட்டி முடிவைக் குழப்புவதும் உண்டு.

கலிபோர்னியாவில் டயட்டங்களோடு மென்மையான பாசிகளையும் சேர்த்து மதிப்பிடும் குறியீடு 2020இல் வெளியானது. மனிதத் தலையீடு குறைந்த ஓடைகளோடு ஒப்பிட்டு, அவற்றின் மதிப்பான ஒன்றுக்கு எவ்வளவு அருகில் என்று மதிப்பெண் தரப்படும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஓடைகளுக்கும் இது பொருந்தும். டெக்சாஸின் ஆஸ்டின் நகரமோ நீர்த்தரம், வாழிடம் முதலியவற்றோடு டயட்டங்களையும் சேர்த்தே தன் ஓடைகளுக்கு மதிப்பெண் போடுகிறது.

ஹூஸ்டனின் பஃபலோ பாயூ ஓடையில் கவலை வேறு: மலக்கிருமி. அதை அளக்க உதவுவது ஈ.கோலி என்ற பாக்டீரியா. டெக்சாஸில் நீரில் இறங்கி விளையாடும் இடங்களுக்கான வரம்பு 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 126. ஒரே நாளில் முடிவு கிடைப்பதால் செய்திகளில் அடிபடுவது இந்த எண்தான். அது காலை நனைக்கலாமா என்பதற்கு விடை; ஓடை நலமா என்பதற்கு அல்ல.

டயட்டம் கணக்கும் சறுக்கும் இடங்கள் உண்டு. வெள்ளம் கல்லைச் சுரண்டிவிட்டால் பாசி மீண்டும் படியும்வரை வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். மர நிழலும் பாசி வளர்ச்சியை மாற்றும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு ஓடையில் கலந்தால் உப்பு விரும்பும் இனங்கள் பெருகும். அதைப் பாஸ்பரஸின் விளைவாக எண்ணிவிடக் கூடாது. ஆகவே வேதிப் பரிசோதனையை யாரும் கைவிடவில்லை. எண்ணும் சிரமத்தைக் குறைக்க, கல்லிலிருந்து சுரண்டியதில் உள்ள டிஎன்ஏவைப் படித்தே இனங்களை அறியும் முறையும் இப்போது சோதிக்கப்படுகிறது.