கணக்கு வருது... வார்த்தைதான் வரலை!

'ஃபங்ஷன்' என்றால் என்ன? விருதுநகர் பக்கம் யாரைக் கேட்டாலும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்றுதான் சொல்வார்கள். தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியின் முதல் கணித வகுப்பில் உட்காரும் பெண்ணுக்கும் முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும். பேராசிரியர் நடத்துவதோ, அவள் பிளஸ் டூ-வில் 'சார்பு' என்று படித்து நல்ல மார்க் வாங்கிய அதே பாடம். அது இதுதான் என்று பிடிபடுவதற்குள் போர்டில் நாலு வரி ஓடிப்போயிருக்கும்.

பிளஸ் டூ தேர்ச்சியில் பல வருடங்கள் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் விருதுநகர். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலாளர் வீடுகளிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இங்கே நிறைய. பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரராக இருந்த பிள்ளை முதல் செமஸ்டரில் அரியர் வைத்தால் வீடே கலங்கிவிடுகிறது. 'நமக்குக் கணக்கு வராது போல' என்று அந்தப் பிள்ளையும் நம்பத் தொடங்கிவிடுகிறது. பல நேரங்களில் வராதது கணக்கு இல்லை, அதன் ஆங்கிலப் பெயர்தான்.

குரோஸும் ரீமும் யார் வீட்டு வார்த்தை?

ஆங்கிலக் கணக்கு வார்த்தை சிவகாசிக்குப் புதிதா என்ன? தீப்பெட்டியை 'குரோஸ்' கணக்கில்தான் எண்ணுவார்கள். 12 டஜன், அதாவது 144 பெட்டி ஒரு குரோஸ். அச்சகத்தில் 500 தாள் ஒரு 'ரீம்'. காகிதத்தின் கனத்தைக் கேட்டால் 'ஜி.எஸ்.எம்.' என்பார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூட இவற்றைத் தடுமாறாமல் சொல்வார்கள். மனப்பாடம் செய்து கற்றதில்லை, கையில் பொருளை வைத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பழகியது. கல்லூரி வார்த்தைகளுக்கும் இதே வழிதான்.

இரண்டு மொழி, ஒரே அர்த்தம்

பயப்படவைக்கும் பல சொற்கள், பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்தவைதான். 'டேன்ஜென்ட்' என்றால் லத்தீனில் தொடுவது. தமிழில் 'தொடுகோடு'. 'சீகன்ட்' என்றால் வெட்டுவது. நாம் சொல்வது 'வெட்டுக்கோடு'. 'ஃப்ராக்‌ஷன்' என்பதன் வேர் 'உடைந்தது'. 'பின்னம்' என்ற சொல்லுக்கும் வடமொழியில் உடைந்தது என்றுதான் பொருள்.

'சைன்' நம் நாட்டிலிருந்தே போன சொல். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' அரபிக்குப் போய், அங்கே வேறு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'சைன்' ஆனது. 'ஜீரோ'வும் 'சூன்யம்' என்பதன் அரபி மொழிபெயர்ப்பிலிருந்து வந்ததே.

'பேரபோலா' எங்கே இருக்கிறது? தீபாவளிக்கு ஒரு புஸ்வாணம் கொளுத்திப் பாருங்கள். மேலே எழும்பி வளைந்து விழுகிற ஒவ்வொரு பொறியும் போகும் பாதை ஏறத்தாழ அதுதான். தமிழில் 'பரவளையம்'.

இந்தத் தமிழ்ச் சொற்களும் தானாக முளைத்தவை இல்லை. 1916-லேயே ராஜாஜி சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து, அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் உருவாக்க ஒரு சங்கம் அமைத்தார். அப்படிப் பலர் உழைத்து உருவாக்கிய சொற்களில் கணிதம் படித்தது குறையே இல்லை. அர்த்தம் புரிந்து படித்த பிள்ளைக்கு இன்னொரு பெயரைப் பழகுவது மட்டும்தான் பாக்கி.

ஏமாற்றும் வார்த்தைகள்

புது வார்த்தையைவிட, தெரிந்த வார்த்தைதான் அதிகம் கவிழ்க்கும். 'வால்யூம்' என்றால் டிவி சத்தம் இல்லை, கனஅளவு. 'பிராடக்ட்' கடைப்பொருள் இல்லை, பெருக்கற்பலன். 'பவர்' கரண்ட் இல்லை, அடுக்கு. 'மீன்' சராசரி. 'ரூட்' பஸ் ரூட் இல்லை, மூலம். நாம் 'ஸ்கேல்' என்று கேட்டு வாங்குவதை ஆங்கிலப் புத்தகம் 'ரூலர்' என்னும். கவராயம் 'காம்பஸ்', கோணமானி 'ப்ரொட்ராக்டர்'.

அடுத்து, கேள்வியில் வரும் சின்னச் சொற்கள். இரண்டு நாணயங்களைச் சுண்டும்போது 'எக்ஸாக்ட்லி ஒன் ஹெட்' என்றால் சரியாக ஒரு தலை, விடை 1/2. 'அட் லீஸ்ட் ஒன் ஹெட்' என்றால் குறைந்தது ஒரு தலை, விடை 3/4. கணக்கு நன்றாகத் தெரிந்தவரும் இந்த ஒரு சொல்லில் மார்க்கை விட்டுவிடலாம். 'ப்ரூவ்' என்றால் நிரூபிக்க வேண்டும், 'வெரிஃபை' என்றால் சரிபார்த்தால் போதும், 'ஹென்ஸ்' என்றால் மேலே கிடைத்த விடையை வைத்தே அடுத்ததைச் செய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம்

* பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் சில வாரங்கள் கிடைக்கும். அரசின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே பாடம், அதே கணக்கு என்பதால் வரிக்கு வரி ஒப்பிடலாம்.

* ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு சின்னப் படம் அல்லது கணக்கு. தினம் 5 சொல் எழுதினால் ஒரு மாதத்தில் 150 வந்துவிடும்.

* கணக்கு போடும்போது ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். தெரிந்த கணக்கில் பழகினால் நாக்கு சீக்கிரம் திரும்பும்.

* வகுப்பில் புரியாவிட்டால், 'இதுக்குத் தமிழ்ல என்ன சார்?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கும் அதே சந்தேகம் இருக்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் செமஸ்டர் மார்க்கைப் பார்த்ததும் 'வேற குரூப் எடுத்திருக்கலாம்', 'படிச்சது போதும், வேலைக்குப் போ' என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கேள்வித்தாளில் ஒரு கணக்கைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், கணக்கு அதனிடம் பத்திரமாக இருக்கிறது. வார்த்தை மட்டும் வந்து சேர வேண்டும், அதற்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.