ஆலங்கட்டி ஊரில் அவரைப் பனி

கன்னடத்தில் 'ஆனெகல்லு' என்றால் ஆலங்கட்டி. தமிழ்க் காதுக்கு அது யானைக்கல்லாகக் கேட்கும். பெங்களூருக்குத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் ஆனேக்கல்லுக்கு இரண்டும் பொருந்தும். கோடை மழையோடு சில ஆண்டுகளில் ஆலங்கட்டி விழுகிறது. ராகி முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் வருகின்றன. வெண்பனி மட்டும் வந்ததில்லை. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். தண்ணீர் உறைய வேண்டுமானால் இன்னும் எட்டு டிகிரி இறங்க வேண்டும்.

ஆனாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் இங்குள்ள தமிழ் வீடுகளில் 'என்ன பனி, என்ன பனி' என்ற பேச்சுதான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களை இந்தச் சொல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. புல்நுனியில் நிற்பதும் பனி, எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி, இமயமலையை மூடியிருப்பதும் பனி. துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'ஸ்நோ' நாவலும் தமிழில் 'பனி' என்றே வந்திருக்கிறது. கன்னடத்தில் குழப்பம் குறைவு. துளியாக விழுவது இப்பனி, மூட்டமாக நிற்பது மஞ்சு, இமயத்தில் இருப்பது ஹிம. நம் 'பால்' அங்கே 'ஹாலு' ஆனதுபோல 'பனி'யும் 'ஹனி' ஆகி, வெறும் துளி என்ற பொருளில் நிற்கிறது. கேரளத்துக்குப் போய் 'பனி' என்றால் காய்ச்சல் மாத்திரை தந்துவிடுவார்கள்.

வெண்பனியை நமக்குக் காட்டியது சினிமா. ஸ்ரீதரின் 'தேன் நிலவு' (1961) காஷ்மீருக்குப் போனது. 'அன்பே வா' (1966) சிம்லாவுக்குப் போனது. 'ரோஜா' (1992) காஷ்மீரில் நடக்கும் கதை. அன்றைய நிலவரத்தில் அங்கே படமெடுக்க முடியாமல் வேறு மலைகளைத் தேடிப் போனார்கள். கோட்டு போட்ட கதாநாயகனும் மெல்லிய சேலை கட்டிய கதாநாயகியும் பனியில் ஆடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குளிர்காலத்தின் நிறம் வெள்ளை. ஆனேக்கல் வட்டாரத்தில் அது அவரைக்காயின் பச்சை.

பழந்தமிழர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றார்கள். மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றார்கள். அவரைக்காயின் நாட்காட்டியும் ஏறத்தாழ இதுதான். ராகிக்கு நடுவே சால் சாலாக விதைத்த நாட்டு அவரை, பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். ராகியை அறுத்தபின், மண்ணில் மிஞ்சிய ஈரத்தைக் கொண்டே காய்க்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெருவோரங்களில் கோணியை விரித்துக் குவித்து விற்பார்கள். வாங்க வருபவர்கள் முதலில் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். தோலில் பிசுபிசுக்கும் கொழுப்பு அமிலங்கள் தரும் அந்த மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று பெயர். பனி நன்றாக இறங்கினால்தான் சொகடு ஏறும் என்பது விவசாயிகளின் கணக்கு.

கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்தால் 'ஹிதகபேளெ'. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இதே பிதுக்குப் பருப்பு. பகரம் ஹகரமானது தவிர, எல்லைக்கு இரு பக்கமும் ருசி ஒன்றுதான். மாலையில் தொலைக்காட்சி முன் குடும்பமே உட்கார்ந்து பிதுக்கும். தொடரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரிவதற்குள் அரைப்படி பருப்பு சேர்ந்துவிடும்.

காட்டோர ஊர்களில் இரவு இவ்வளவு சுகமாகப் போவதில்லை. ஆனேக்கல்லிலும் எல்லைக்கு அப்பால் தளியிலும் யானைக் கூட்டங்கள் ராகியைத் தேடி வருகின்றன. பரண் மீது கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய காவல் இருக்கிறார்கள். யானை மிதித்து மனிதர்கள் சாவதும், மின்வேலியில் சிக்கி யானைகள் சாவதும் இந்தப் பருவத்தின் செய்திகளே.

இதற்கிடையே நிலமும் மாறிவருகிறது. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகள் இந்த வட்டத்தில்தான் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. இவற்றை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். குறை சொல்ல வாய் வராது. ஆனால் மனை எண் எழுதிய கற்களை நட்ட இடத்தில் யாரும் ராகியோ அவரையோ விதைப்பதில்லை. பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விட்டுக்கொண்டிருக்கும் கான்கிரீட்டில், புல்வெளியில் போலப் பனி இறங்குவதும் இல்லை.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம், பகல் நீளத்தைப் பாராமல் காய்க்கும் 'ஹெப்பாள் அவரை' ரகங்களைத் தந்திருக்கிறது. அதனால் ஜூனிலும் காய் கிடைக்கும். பழைய ஆட்கள் அதை முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

'ஸ்நோ'வைப் பனி என்று தமிழாக்கி ஒருவாறு ஒப்பேற்றிவிடலாம். 'சொகடு'க்கு 'மணம்' என்று எழுதினால் பாதிதான் வருகிறது. மீதியை மூக்கால்தான் அறிய வேண்டும். ஜனவரியில் காய் வாங்குகிறவர்கள், விலை கேட்குமுன் எந்த ஊர்க் கொல்லையில் விளைந்தது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். 'ஆனேக்கல்' என்ற பதில் வந்தால், அங்கே இன்னும் பனி இறங்க இடமிருக்கிறது.